பன்னிரண்டாம் எண் கழுதை

"டிக்கெட் இல்லாம உள்ள விட முடியாது அத்தை."

"என் வீட்டுக் கொல்லைக்கு நான் டிக்கெட் எடுக்கணுமாடி?"

"கொல்லைக்கு வேண்டாம். கழுதைக்குத்தான்."

"எந்தக் கழுதை? அங்க படுத்திருக்கறது எங்கப்பன்!"

"அது உங்க கருத்து அத்தை. பலகையில வேற போட்டிருக்கு."

பந்தரினி ஊரில் சிவேமாவின் குரல் துறைமுகம் வரை கேட்கும் என்பது தெரிந்த விஷயம்தான். அன்று அது துறைமுகத்தைத் தாண்டிக் கடலிலும் கொஞ்ச தூரம் போனது. மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏலத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சௌசிகு அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான். சிவேமாவின் சாப்பாட்டுக்கடையில் பல் முளைத்த நாளிலிருந்து மந்தாசிப் பணியாரம் தின்று வளர்ந்தவள். ஆனால் இப்போது அவள் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். தொப்பியில் ஒட்டகச்சிவிங்கி வில்லை. மடியில் டிக்கெட் கட்டு. வேலை கிடைத்து நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளுக்குள் ஒருத்தியின் முதுகெலும்பு இவ்வளவு நேராகுமா என்று தெருவே வியந்துகொண்டிருந்தது.

சிவேமா தாங்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு, அப்பா செத்த துக்கத்தைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ள, ஐந்து நாள் போயிருந்தாள். திரும்பி வந்தால் கொல்லையைச் சுற்றி முள்கம்பி. நடுவில் அப்பாவின் மண்மேடு. மேட்டின் தலைமாட்டில் பச்சைப் பலகை.

"காட்சித்தலம் எண் 12. வணிகப் பாதைக் கழுதையின் சமாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு. தொடாதீர்."

அப்பா கோண்டோ செத்து இருபத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் அடுத்த வார வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஊரார் கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்து அவருக்காக ஓத வேண்டும். பிறகு பிலாவ் சாப்பிட வேண்டும், தலைமாட்டில் அவர் பெயர் பொறித்த கல் நட வேண்டும். அதற்காகச் சிவேமா அரிசியும் ஆடும் சொல்லிவைத்தாகிவிட்டது. பந்தரினியில் ஒரு மனிதன் செத்தான் என்பது அன்றைக்குத்தான் உறுதியாகும். அதுவரை அவன் எங்கோ வெளியூர் போயிருக்கிற மாதிரிதான் பேசுவார்கள்.

இப்போது அந்த இடத்தில் கழுதை இருந்தது.

இது எப்படி நடந்தது என்று சிவேமாவுக்கு விளங்க அரைமணி நேரம் ஆயிற்று. தெருக்காரர்கள் ஆளுக்கொரு வாயாகச் சொன்னதால் அரைமணி. இல்லாவிட்டால் கால்மணியில் விளங்கியிருக்கும்.

அடக்கத்தன்று நடந்ததுதான் மூலம். கோண்டோ ஸராமோ இனத்தார். சைக்கிள் பழுதுபார்க்கும் மகங்கா, நியாம்வேசி இனத்தார். மகங்காவின் முப்பாட்டன் தந்தம் சுமந்துகொண்டு உள்நாட்டிலிருந்து நடந்தே கடற்கரைக்கு வந்தவர். இந்த இரண்டு இனத்துக்கும் நடுவே கேலிமுறை. மாமன் மச்சான் முறை மாதிரிதான், ஆனால் ஊர் மொத்தத்துக்கும். யார் யாரை எப்படி வேண்டுமானாலும் வையலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் கேலிமுறைக்காரன் வந்து சிரிக்க வைக்காவிட்டால்தான் குறை. கோண்டோவும் மகங்காவும் முப்பது வருஷம் சிவேமாவின் கடை வாசல் பெஞ்சில் தினமும் டீயோடு ஒருவரையொருவர் வைது தீர்த்தவர்கள். "சுமைக்காரா, இன்னிக்கு எத்தனை தந்தம்?" என்பார் கோண்டோ. "சுறாத்தின்னி, பல்லைக் காட்டாதே, மீன்னு நினைச்சு யாராவது விலை கேட்டுருவாங்க" என்பார் மகங்கா. ஒருநாள்கூட ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

அடக்கத்தன்று வெட்டி வைத்த குழியில் மகங்கா குதித்துப் படுத்துக்கொண்டார். "இது எங்க தாத்தாவோட கழுதையைப் புதைச்ச இடம்! தந்தம் சுமந்து நூறு நாள் நடந்து வந்த கழுதை! அதுக்குப் பக்கத்துல கோண்டோவைப் போடாதீங்க, கழுதைக்கு அவமானம்!" என்று கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அழுதார்கள். சிவேமா முறைப்படி ஒரு சேவலைக் கொடுத்து அவரை வெளியே இழுத்தாள். வெளியே வந்த மகங்காவின் கண் சிவந்திருந்தது. மண் விழுந்துவிட்டது என்றார்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே மிஹாயோ நின்றிருந்தார்.

மிஹாயோ யாரென்றால், பிராந்திய விடுமுறைத் தலங்கள் அலுவலகத்தின் தலைவர். அரசாங்கம் "நம் பிராந்தியம் அறிவோம்" என்று ஒரு திட்டம் போட்டிருந்தது. அரசு ஊழியர்கள் ஆண்டு விடுமுறையைத் தங்கள் பிராந்தியத்திலேயே கழிக்க வேண்டும். பன்னிரண்டு பழமையான இடங்களைப் பார்க்க வேண்டும். விடுமுறைப் புத்தகத்தில் பன்னிரண்டு முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை குறைந்தாலும் அடுத்த வருஷம் விடுமுறை கிடையாது. பந்தரினி வட்டத்தில் மிஹாயோ அலைந்து திரிந்து பதினொன்று தேற்றியிருந்தார். துருப்பிடித்த பீரங்கி, இடிந்த பள்ளிவாசல், உப்புக்கிணறு என்று கணக்கு நன்றாகத்தான் தொடங்கியது. எட்டாவதிலிருந்து கொஞ்சம் திணறல். ஒன்பதாவது, ஒரு வெள்ளைக்காரப் பயணி நிழலுக்கு ஒதுங்கிய மாமரம். பத்தாவது, அவர் ஒதுங்காமல் கடந்து போன மாமரம். பன்னிரண்டாவதுதான் அகப்படவில்லை.

அன்று அகப்பட்டது. படிவத்தை எடுத்தார், எழுதினார், சேவலோடு போன மகங்காவை வழியில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார். மகங்கா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்ன ஏதென்று படிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை சிவேமா அலுவலகத்துக்குப் போனாள். கையில் இறப்புச் சான்றிதழ்.

அலுவலகம் துறைமுகத்தை ஒட்டி, ஜெர்மானியர் காலத்துக் கட்டடத்தின் மாடியில். பவளக்கல் சுவர், முழங்கால் வலிக்க வைக்கும் படிக்கட்டு. மிஹாயோவின் மேஜைமேல் மூன்று கொடிகள் இருந்தன. அவர் கடையில் தினமும் மதியம் சாப்பிடுகிறவர்தான். இரண்டாம் கரண்டிக் குழம்பு கேட்டு வாங்குகிறவர்தான். ஆனால் மாடியில் அவருக்கு வேறு குரல்.

"உட்காருங்கம்மா. உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா துக்கம் தனிப்பட்டது. சுற்றுலா தேசத்தோடது."

"சார், அது எங்கப்பா. நீங்களே பார்த்தீங்களே புதைக்கறப்ப."

"நான் அங்க ஆளா வரலை. அலுவலகமா வந்தேன். அலுவலகம் பார்த்ததை எழுதும். எழுதாததைப் பார்த்ததா சொல்லாது."

சிவேமா சான்றிதழை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுல கோண்டோ இறந்துட்டார்னு இருக்கு. சந்தோஷம். எங்க படுத்திருக்கார்னு இல்லையே. கழுதைக்கு இடம் உட்பட எழுதியிருக்கு பாருங்க."

"கழுதை கேலிக்குச் சொன்னது சார். மகங்கா எங்க கேலிமுறைக்காரர். உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் தபோராப் பக்கத்து நியாம்வேசிதானே?"

மிஹாயோ டையைச் சரிசெய்தார். "அம்மா, என் கட்டில்ல படுக்கறப்ப நான் நியாம்வேசி. காலைல எட்டு மணிலேர்ந்து மத்தியானம் மூணரை வரைக்கும் நான் பிராந்தியம். பிராந்தியத்துக்குக் கேலிமுறை கிடையாது."

எழுத்தர் பகாரியைப் பார்த்தார். பகாரி விதிப்புத்தகத்தைப் பாடம் ஒப்பிப்பது போல் வாசித்தான். தன் பெருமையை எவனும் கூட்டித்தான் சொல்வான். ஆகவே ஓர் இனத்தின் பழமையைப் பற்றி அந்த இனத்தார் சொல்வது செல்லாது. அண்டை இனத்தைச் சேர்ந்தவர் சொல்வதே சான்று.

"எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க. உங்கப்பாவைப் பத்தி நீங்க சொன்னா அது பாசம். மகங்கா சொன்னா அது வரலாறு" என்றார் மிஹாயோ.

"படிவத்துல 'இது கேலி'ன்னு ஒரு வரி சேர்த்துக்கக் கூடாதா?"

பகாரி படிவத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தான். "சாட்சி பேர் இருக்கு. இனம் இருக்கு. காலம், அளவு, குடிநீர் வசதி இருக்கு. கேலிக்குக் கட்டம் இல்லக்கா."

சொன்னவரே வந்து திருத்தினால்தான் திருத்தம் ஏற்கப்படும் என்று முடித்தார் மிஹாயோ. அப்புறம் குரலைத் தாழ்த்தி, மதியம் மீன் இருக்குமா என்று கேட்டார். சிவேமா சான்றிதழை மடித்துக்கொண்டு படியிறங்கினாள். அன்று கடையில் மீன் இருந்தது. அவருக்கு மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

மகங்காவை அழைத்துப் போவது பெரிய பாடாக இல்லை. அவர் விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். படியேறும்போது, "இன்னிக்கு ஒரு தடவை நான் ஒழுங்கா பேசப்போறேன், பயப்படாதே" என்றார். சிவேமா நம்பினாள். அவளுக்கு வேறு வழியில்லை.

பகாரி பேனாவைத் திறந்தான். மகங்கா தொண்டையைச் செருமினார்.

"நான் அன்னிக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்து, தற்செயலாகச் சிவேமாவைப் பார்த்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. சிவேமாவுக்கு அப்படியே அப்பாவின் தாடை. முப்பது வருஷமாக அந்தத் தாடையைப் பார்த்தாலே மகங்காவின் வாய் ஒரே ஒரு காரியம்தான் செய்து பழகியிருந்தது.

"நான் சொன்னது தப்பு. அது சாதாரணக் கழுதை இல்ல. தராசு பிடிக்கத் தெரிஞ்ச கழுதை. கொப்பரை எடை போடும். கோண்டோ முப்பது வருஷம் கொப்பரைக் கிடங்குல தராசு பிடிச்சானே, யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு நினைக்கறீங்க?"

"ஐயோ, சுமைக்காரா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சிவேமா. கேலிக்குக் கோபிக்க முடியாது. பதில் கேலிதான் சொல்ல முடியும். அதுவும் தானாக வந்துவிட்டது. "உங்க முப்பாட்டன் கடலை முதல்தடவை பார்த்து, இவ்வளவு தண்ணியையும் யாரு கொட்டினதுன்னு கேட்டவர்தானே!"

பகாரி பேனாவை நிறுத்தினான். "சார், இதையும் எழுதவா?"

"வேண்டாம். அது வேற இனம், வேற பொருள். அந்தம்மா தனிப் படிவம் போடணும்" என்றார் மிஹாயோ. கழுதையைப் பற்றிய திருத்தத்தில் முத்திரை குத்தினார். "சிறப்பு. தராசு பிடித்த கழுதை. வேற எந்தப் பிராந்தியத்துலயும் இல்ல."

படியிறங்கும்போது மகங்கா கடைசிப் படியில் நின்று, "நாக்குல அவன்தான் உட்கார்ந்திருக்கான், நான் என்ன பண்ண?" என்றார்.

இன்னும் இரண்டு தடவை முயன்றார்கள். ஒருதடவை சிவேமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முதுகும் கோண்டோவின் முதுகு போலவே இருந்ததாம். அன்றைக்குக் கழுதைக்கு இரண்டு மனைவிகள் சேர்ந்தார்கள். அடுத்த தடவை அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அவள் இருமியது மாடிக்குக் கேட்டுவிட்டது. கழுதை ஹஜ்ஜுக்குக் கிளம்பிப் பாதிவழியில் திரும்பியது என்று பதிவாயிற்று.

பலகை மூன்று முறை மாற்றி எழுதப்பட்டது. சௌசிகு பாவம், ஒவ்வொரு முறையும் புதுப்பாடம் மனப்பாடம் செய்தாள். சமாதிக்கு ஒரு சிலையும் வந்து இறங்கியது. கழுதை அச்சு தலைமையகத்தில் இல்லாததால் பெட்ரோல் பங்க் வாசல்களில் நிற்குமே, அந்த வரிக்குதிரைச் சிமெண்டுச் சிலை. கோடுகளின் மேல் சாம்பல் வண்ணம் அடித்திருந்தார்கள். ஒரு மழை பெய்ததும் கோடுகள் திரும்பி வந்தன. "பயணக் களைப்பால் ஏற்பட்ட தழும்புகள்" என்று சௌசிகு சொல்லிச் சமாளித்தாள். அந்த வரியை மிஹாயோ பாடத்திலேயே சேர்த்துவிட்டார்.

பேருந்துகள் வந்தன. வரித்துறைக்காரர்கள், கால்நடை ஆய்வாளர்கள், பிறப்புப் பதிவாளர்கள் எல்லோரும் குடும்பத்தோடு இறங்கி, பதினொரு இடம் பார்த்த களைப்பில் நிழல் தேடி நின்றார்கள். "எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனம்" என்பாள் சௌசிகு. அவர்களுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் விடுமுறையிலேயே பிடித்த பகுதி. சிலர் இன்னொரு நிமிஷம் கேட்டார்கள். கால்நடை ஆய்வாளர் ஒருவர் மட்டும் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உழைச்சு உழைச்சே செத்திருக்கு. பேர்கூட எழுதலை பாரும்மா" என்றார் சிவேமாவிடம், டீ வாங்கும்போது.

"பேர் கோண்டோ" என்றாள் சிவேமா.

"நல்ல பேரு. கழுதைக்கு ஏத்த பேரு."

சிவேமா அவருக்கு மிச்சச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

கடையில் வியாபாரம் என்னவோ மும்மடங்காகியிருந்தது. அதைத் தெருவுக்குத் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டு ம்வாந்துமு, "எங்கப்பாவும்தான் செத்தாரு, ஒரு கோழியாவது ஆனாரா?" என்று கிணற்றடியில் அங்கலாய்த்ததாகக் கேள்வி. அதோடு நிற்கவில்லை. தன் மாமனார் சமாதியை ஆமையாகப் பதிவு செய்ய முடியுமா என்று அலுவலகத்தில் விசாரித்துவிட்டும் வந்தாள். அண்டை இனத்துச் சாட்சி கிடைக்கவில்லை.

நாற்பதாம் நாளுக்கு மூன்று நாள் முன்பு மிஹாயோ ஒரு கடிதத்தோடு கடைக்கே வந்தார். வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து இணைத்தலைவர் திருமதி ருகெம்பே வருகிறார். காட்சித்தலம் எண் 12 முறைப்படி திறக்கப்படும். பந்தல், இசைக்குழு, உரைகள். மாலை வரை கொல்லைக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை.

"வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு நாற்பதாம் நாள் சார்."

"அடுத்த வாரம் வெச்சுக்கங்களேன்."

"அடுத்த வாரம் வெச்சா அது நாற்பத்தேழாம் நாள்."

மிஹாயோ யோசித்தார். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் நிஜமாகவே தெரிந்தது. "ஒரு தேதித் திருத்தம் போட்டுடலாம். அவர் ஒரு வாரம் கழிச்சு இறந்ததா. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் போனதும் சிவேமா அடுப்பை அணைத்துவிட்டு மகங்காவின் சைக்கிள் கடைக்குப் போனாள். மகங்கா ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கழுதை மகளே."

"சுமைக்காரா, ஒண்ணு கேக்கறேன். எங்களைப் பத்தி நீங்க சொன்னா வரலாறு. அப்ப உங்களைப் பத்தி நான் சொன்னா?"

மகங்கா சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"தனிப் படிவம் போடணும்னு அந்தாளே சொன்னார்ல?" என்றாள் சிவேமா.

"சொன்னான். ஆனா என்னைப் பத்தி என்னத்தச் சொல்லுவே? இந்தக் கடையைப் போய் எவன் பார்ப்பான்?"

"உங்களைப் பத்தி யாரு சொன்னா? நியாம்வேசி நீங்க ஒருத்தர்தானா இந்த ஊர்ல?"

மகங்கா அவளைப் பார்த்தார். பிறகு துறைமுகப் பக்கம், ஜெர்மானியர் கட்டடத்தின் மாடி ஜன்னலைப் பார்த்தார். கோண்டோ செத்த பிறகு முதல்முறையாக அவர் பல் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை திருமதி ருகெம்பே முதலில் அலுவலகத்துக்கு வந்தார். படியேறிய மூச்சு அடங்க மிஹாயோவின் நாற்காலியிலேயே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பெரிய உருவம், மெல்லிய குரல், எல்லாவற்றையும் எண்ணுகிற பழக்கம். "பன்னிரண்டு. மத்த பிராந்தியங்களும் பன்னிரண்டுதான் வெச்சிருக்காங்க. பன்னிரண்டுல என்ன பெருமை?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது சிவேமா உள்ளே வந்தாள். நல்ல கங்கா துணி உடுத்தியிருந்தாள். கையில் நிரப்பிய படிவம்.

"அம்மா, நான் ஒரு பழமையைப் பதிவு பண்ண வந்திருக்கேன். நியாம்வேசிகளைப் பத்தி. நான் ஸராமோ. அண்டை இனம்."

மிஹாயோ கோப்பையை வைத்துவிட்டுக் குறுக்கே வந்தார். "அப்புறம் வாங்கம்மா, இப்ப..."

"சாட்சி மேலதிகாரி முன்னால வந்தா அப்பவே வாசிக்கணும்னு விதி இருக்கு சார்" என்றான் பகாரி. அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விதி தெரியும், அவ்வளவுதான். வாங்கி வாசித்தான்.

"உள்நாட்டிலிருந்து வந்த நியாம்வேசிச் சுமைக்காரர்கள் படிக்கட்டு என்ற ஒன்றைப் பார்த்தது கிடையாது. இந்தக் கட்டடத்தில்தான் முதலில் பார்த்தார்கள். ஏறத் தெரிந்தது. இறங்கத் தெரியவில்லை. எழுபது பேர் மாடியிலேயே தங்கிவிட்டார்கள். எங்கள் முன்னோர் கீழேயிருந்து உகாலிக் களியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். காலப்போக்கில் ஒவ்வொருவராக ஜன்னல் வழியே குதித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை இறங்கவில்லை. அவர் மாடியிலேயே இறந்து, மாடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இடம்: தலைவர் மிஹாயோ அவர்களின் நாற்காலிக்கு நேர் கீழே. அளவு: ஆறடி. குடிநீர் வசதி: இல்லை."

திருமதி ருகெம்பே மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மாடியில எப்படிம்மா புதைக்க முடியும்?"

"அதுதான் அதிசயம் அம்மா. மண்ணுல புதைச்சிருந்தா யாரு டிக்கெட் எடுத்துப் பார்ப்பாங்க?"

"உண்மை" என்றார் திருமதி ருகெம்பே. அவர் கண்கள் மினுங்கின. "நாட்டிலேயே ஒரே மாடிச் சமாதி. மிஹாயோ, பதிமூணு! எந்தப் பிராந்தியத்துலயும் பதிமூணு இல்ல!"

"அம்மா, இது கேலி!" மிஹாயோவின் குரல் கீச்சிட்டது. "இந்தம்மா ஸராமோ. நான் நியாம்வேசி. எங்களுக்குள்ள கேலிமுறை. இவங்க என்னைக் கிண்டல் பண்றாங்க!"

"கேலியா?" அவர் படிவத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "கேலிக்குக் கட்டம் எங்கே இருக்கு?"

"இல்லம்மா" என்றான் பகாரி.

"நீங்க நியாம்வேசின்னு சொன்னீங்களே மிஹாயோ..."

சிவேமா மிகவும் பணிவாகக் குறுக்கிட்டாள். "மணி இப்ப பத்தே முக்கால் அம்மா. மூணரை வரைக்கும் அவர் பிராந்தியம். அவரே எனக்குச் சொல்லியிருக்கார்."

மிஹாயோ வாயைத் திறந்தார். இது கேலி என்று நிரூபித்தால் கழுதையும் கேலி. அது கேலி என்றால் கீழே பந்தலும் இசைக்குழுவும் எதற்காக நிற்கின்றன என்று இந்த அம்மா கேட்பார். அந்தக் கணக்கை அவர் போட்டு முடித்த கணம் முகத்தில் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அலுவலகம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. சமாதியைச் சுற்றி நான்கு திசையிலும் மூன்று மீட்டர் வேலி வேண்டும் என்றது ஒரு விதி. வட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு சுருள் முள்கம்பிதான் என்றது கையிருப்புப் பதிவேடு. மனிதச் சமாதி இருக்கையில் விலங்குச் சமாதிக்கு வேலி கூடாது என்று இன்னொரு விதியைப் பகாரியே தேடிக் கண்டுபிடித்தான். பதினொன்றரைக்குள் ஆட்கள் சிவேமாவின் கொல்லையிலிருந்து கம்பியைச் சுருட்டி எடுத்து, தோளில் சுமந்து, படியேறி, மிஹாயோவின் நாற்காலியைச் சுற்றிக் கட்டினார்கள். மேஜை, கோப்புகள், மூன்று கொடிகள் எல்லாம் வேலிக்குள் போயின. இசைக்குழு இடம் மாறியது. திருமதி ருகெம்பே தேசத்தையும் உயரத்தையும் பற்றி உரையாற்றினார். மிஹாயோ தன் கண்ணாடியை எடுக்க உள்ளே போகப் பார்த்தபோது சௌசிகு கையை நீட்டி மறித்தாள்.

"டிக்கெட் சார்."

"புது டிக்கெட் கட்டு என் மேஜை டிராயர்ல இருக்கும்மா!"

"அப்ப உள்ள போக முடியாது சார்" என்றாள் அவள், வருத்தத்தோடு.

ஜும்ஆ முடிந்ததும் சிவேமாவின் கொல்லையில் பாய்கள் விரிந்தன. ஊரார் உட்கார்ந்து ஓதினார்கள். பிலாவ் பரிமாறினார்கள். ம்வாந்துமு இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றாள். சிமெண்டு வரிக்குதிரை ஓரமாக நின்றது. அதன் முதுகில் யாரோ செருப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

கல் மட்டும் வரவில்லை. பெயர் பொறிக்கக் கொடுத்த ஆள், கழுதைக்கு எதற்குக் கல் என்று வேலையையே தொடங்கவில்லையாம். சிவேமா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது மகங்கா எழுந்தார். பச்சைப் பலகையைப் பிடுங்கினார், பின்பக்கம் திருப்பினார். சைக்கிளுக்கு அடிக்கும் வெள்ளை வண்ணமும் தூரிகையும் கோட்டுப் பையில் தயாராக வைத்திருந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுதினார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று. ஒன்றும் சொல்லவில்லை. பலகையை நட்டுவிட்டுப் போய்க் கை கழுவினார்.

"கோண்டோ, பாசியின் மகன். கொப்பரை எடையாளர். ஒருநாளும் தராசில் விரல் வைக்காதவர். கழுதை அல்ல."

முப்பது வருஷத்தில் அவர் கோண்டோவைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கடைசி இரண்டு சொற்களை அழித்துவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். சிவேமா விடவில்லை. கல் வந்த பிறகும் அந்தப் பலகை அங்கேதான் நிற்கிறது.

மிஹாயோவின் அலுவலகம் வேலிக்குள் போன கோப்புகள் இல்லாமல் நான்கு மாதம் கட்டட வாசலில் இயங்கிப் பார்த்தது. பிறகு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மாடியில்லாத ஒரு கட்டடத்துக்கு மாறிப் போயிற்று. மிஹாயோ தபோராவுக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே முழுநாளும் நியாம்வேசியாக இருப்பதாகத் தகவல். பகாரி ம்வாந்துமுவின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டான். மாமியாருக்கு ஆமைப் படிவம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. சௌசிகுவைத் திருமதி ருகெம்பேயின் வண்டி ஓட்டுநர் பெண் கேட்டு வந்தான். அன்று நாற்காலியைப் பார்க்க டிக்கெட் இல்லாமல் நின்று அவளிடம் வசவு வாங்கியவன்தான்.

கல்யாணத்துக்குப் பிலாவ் சிவேமாதான். மணப்பெண் வண்டியில் ஏறி, தலைமையகம் இருக்கும் டொடோமாவுக்குக் கிளம்பும்போது மகங்கா சக்கரத்துக்கு முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு எங்க தாத்தாவோட ஆடு! காசு குடுக்காம ஓட்டிட்டுப் போறான்!" என்று கத்தினார். தெரு மொத்தமும் வெடித்துச் சிரித்தது. சிவேமாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கையால் வாயைப் பொத்தி, முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டாள், யாராவது படிவத்தோடு நிற்கிறார்களா என்று. இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தாள்.